திசுச் சீவலும் சைலீனும்

இரண்டாமாண்டு விலங்கியல் மாணவன்

மெல்லிய திசுச் சீவல் ஒன்றை நுண்ணோக்கியில் கண்டு வியக்காத விலங்கியல் மாணவர் இரார். நீலக் கருக்களும் இளஞ்சிவப்புத் தசை நார்களும் கோலம் இட்டாற்போல் தோன்றும். அந்த அழகுக்கு உதவும் வேதிப் பொருள்களுள் ஒன்றான சைலீனைப் பற்றியும், அதற்கு மாற்றாக எதைக் கொள்ளலாம் என்பது பற்றியும் இக்கட்டுரையில் காண்போம்.

சைலீன் ஏன்?

எடுத்த திசுவை முதலில் ஃபார்மலினில் நிலைப்படுத்துகிறோம். பின்பு 70, 90, 100 சதவீத ஆல்கஹாலில் படிப்படியாக இட்டு நீரை நீக்குகிறோம். அடுத்து, உருகிய பாரஃபின் மெழுகு திசுவுக்குள் புக வேண்டும். ஆனால் ஆல்கஹாலும் மெழுகும் ஒன்றோடொன்று சேரா. இரண்டோடும் கலக்கும் தூதுவன் ஒருவன் வேண்டும். அவனே சைலீன். அது புகுந்ததும் திசு கண்ணாடிபோல் தெளிவதால் இப்படிக்குத் 'தெளிவாக்கல்' என்று பெயர். மைக்ரோடோமில் 5 மைக்ரான் கனத்தில் சீவிய பிறகு மெழுகைக் கரைக்கவும், சாயமேற்றி டி.பி.எக்ஸ். வைத்து மூடுமுன்னும் மறுபடி சைலீனே வருகிறது.

அதன் தீங்கு

சைலீன் ஆவி கண்ணையும் தொண்டையையும் உறுத்தும். தலைவலி, மயக்கம் தரும். நெடுநாள் சுவாசித்தால் நரம்பு மண்டலத்தைத் தாக்கும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணை, எட்டு மணி நேர வேலைக்குக் காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு என இதற்கு வரம்பு கட்டியிருந்தது. மேலும் 27 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இதன் ஆவி தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். புதுக்கோட்டைக் கோடையில் அறை வெப்பமே அதைத் தாண்டிவிடும்!

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஓர் ஆய்வகத்தில் எனக்கு வேலை கிடைக்க வேண்டுமென்பது வீட்டாரின் கனவு. கிடைத்தால் அந்த அறையில் முப்பது ஆண்டு மூச்சு விடப் போகிறவனும் நானே. ஆகவே இது எனக்கு வெறும் பாடமன்று.

மாற்றுகள்

மாற்று என்பதெல்லாம் நன்மை ஆகிவிடாது. பென்சீன் இரத்தப் புற்றுநோய் தருவது. டொலுவீன் 4 டிகிரியிலேயே தீப்பற்றும் ஆவி தரும். குளோரோஃபாம் எரியாது, ஆனால் ஈரலைக் கெடுக்கும். டயாக்சேன் நீரோடும் மெழுகோடும் கலக்கும்; எனினும் நச்சு, நாட்பட வைத்தால் வெடிக்கும் பெராக்சைடுகளும் உண்டாகும்.

ஆரஞ்சுத் தோலிலிருந்து கிடைக்கும் லிமோனீன் இவற்றினும் மேல். தீப்பற்றும் நிலை ஏறத்தாழ 48 டிகிரி. ஆனால் வாசனை கடுமை. காற்றுப்பட்டுப் பழசானால் தோலில் ஒவ்வாமை தரும். தேவதாரு எண்ணெய் திசுவை விறைக்கச் செய்யாது. வேலை மெதுவு, விலை அதிகம்.

நமக்கு நெருக்கமான மாற்று தேங்காய் எண்ணெய்! 2014-இல் இந்தியப் பல் மருத்துவ ஆய்வாளர்கள் இதனைச் சைலீனோடு ஒப்பிட்டு, திசு குறைவாகவே சுருங்குகிறது, செல் விவரமும் சாயமும் குறையவில்லை என வெளியிட்டனர். கீரமங்கலம், வடகாடு தோப்புகளைக் கொண்ட நம் மாவட்டத்திற்கு இது அரிய பொருளன்று. ஆனால் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழி விடியலில் வீட்டு எண்ணெய்ப் புட்டியில் இதைக் காண்கிறோம். ஆகவே வெதுவெதுப்பாக வைத்தே பயன்படுத்த வேண்டும். எண்ணெய் ஆவியாகாததால் மெழுகைக் கூடுதலாக மாற்ற வேண்டியும் வரலாம். சீவலிலிருந்து மெழுகு நீக்க, பாத்திரம் துலக்கும் திரவத்தின் 1.7 சதவீதக் கரைசலை 90 டிகிரிக்குச் சூடாக்கிப் பயன்படுத்தும் முறையும் உண்டு.

எப்படித் தேர்வது?

ஆல்கஹாலோடும் மெழுகோடும் கலக்குமா? எந்த வெப்பத்தில் தீப்பற்றும்? ஆவி உடலுக்கு என்ன செய்யும்? கழிவை எப்படி அகற்றுவது? விலை கட்டுமா? இவ்வைந்தையும் முதலில் கேட்க வேண்டும். பின்பு சோதனை. கறிக்கடை ஆட்டு ஈரலை இரண்டாக வெட்டி, ஒரு பாதியைச் சைலீனிலும் மறு பாதியைத் தேங்காய் எண்ணெயிலும் இட்டு, எது எதுவென்று அறியாத ஒருவரிடம் இரு சீவல்களையும் காட்டி மதிப்பிடச் செய்யலாம். பேராசிரியர்கள் இசைந்தால் வரும் பருவத்தில் நாமே செய்து பார்க்கக்கூடியது இது.

அதுவரை ஜாடிகளை மூடி வைப்போம். சன்னல்களைத் திறந்து வைப்போம். பழைய சைலீனைத் தொட்டியில் கொட்டாமல் தனிக்குப்பியில் சேர்ப்போம். சீவலைப் பார்க்கும் நாம் மணி அடித்ததும் வெளியேறிவிடுகிறோம். ஜாடிகளைக் கழுவி வைக்கும் ஆய்வக உதவியாளரோ அவ்வறையிலேயே இருக்கிறார். மாற்றைத் தேடும்போது முதலில் நினைக்க வேண்டியது அவரையே.