அச்சுக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும்!

பெண்ணுக்கும் பிள்ளைக்கும் பத்துப் பொருத்தம் பார்ப்பது நமக்குத் தெரிந்த சமாசாரம். அமெரிக்காவில் ஒரு பழைய வண்டிக்கும், அதற்கு வந்து சேரப்போகும் அச்சுக்கும் இதே போலப் பொருத்தம் பார்க்கிறார்கள். அகலம் அளக்கிறார்கள், பல் எண்ணுகிறார்கள், பிரேக்கின் குணத்தை விசாரிக்கிறார்கள். இதில் ஒரு பொருத்தம் தவறினால் வருவது மனஸ்தாபம் அல்ல, விபத்து!

அந்த வண்டிக்கு பிக்கப் டிரக் என்று பெயர். முன்னால் இரண்டு மூன்று பேர் உட்கார ஒரு கூண்டு; பின்னால் சாமான் போட, கூரை இல்லாத ஒரு தொட்டி. செங்கல், வைக்கோல் கட்டு, பிள்ளைகளின் சைக்கிள், வீடு மாற்றும்போது கட்டில், பீரோ எல்லாம் அந்தத் தொட்டியில் ஏறும். பல வருஷம் உழைத்த பழைய வேலைக்காரனைப் போல, அதை அனுப்பிவிட யாருக்கும் மனம் வருவதில்லை. எஞ்சின் நன்றாகவே ஓடும். ஆனால் ஒரு நாள் பின்பக்கத்திலிருந்து ‘ஊ...’ என்று ஒரு முனகல் கேட்க ஆரம்பிக்கும். பின்னச்சுக்குள் இருக்கும் பல்சக்கரங்கள் தேய்ந்துவிட்டன என்பதற்கு அது அடையாளம். அப்போதுதான், “அச்சை மாற்றிவிடலாமா?” என்ற பேச்சு வீட்டில் எழும்.

அச்சுக்குள் என்ன இருக்கிறது?

அச்சு என்றால் மாட்டு வண்டியில் இருப்பது போல இரண்டு சக்கரத்தையும் சேர்க்கும் ஒரு வெறும் தண்டு என்று நினைத்துவிடாதீர்கள். அதன் நடுவில் பூசணிக்காய் போலப் பருத்த ஓர் இரும்புக் கூடு இருக்கும். டிஃபரன்ஷியல் என்ற சாதனம் குடியிருப்பது அதற்குள்தான்.

நாலு குழந்தைகள் வரிசையாகக் கைகோத்து நடந்து, தெருமுனையில் திரும்புகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உட்பக்கத்துக் குழந்தை நின்ற இடத்திலேயே மெள்ளத் திரும்பினால் போதும். வெளிப்பக்கத்துக் குழந்தையோ ஓட வேண்டும். வண்டி திரும்பும்போது சக்கரங்களுக்கும் இதே கதிதான். இரண்டையும் ஒரே வேகத்தில் சுற்றவிட்டால் டயர் தரையில் தேயும்; வண்டியும் திரும்ப மறுக்கும். இரண்டும் தத்தம் வேகத்தில் சுற்ற வழி செய்வது டிஃபரன்ஷியல். நீராவி வண்டிக்காக 1820-களின் இறுதியில் இதை அமைத்தவர் ஒனேசிஃபோர் பெக்கூர் என்ற பிரெஞ்சுக் கடிகாரத் தொழிலாளி.

அச்சுக்கு இன்னொரு வேலையும் உண்டு. தையல் மிஷினில் கீழே உள்ள பெரிய சக்கரம் ஒரு முறை சுற்றுவதற்குள் மேலே உள்ள சிறிய சக்கரம் பல முறை சுற்றிவிடுகிறது அல்லவா? பின்னச்சில் நடப்பது இதற்கு நேர் எதிர். எஞ்சினிலிருந்து வரும் நீளத் தண்டு பல முறை சுற்றினால்தான் சக்கரம் ஒரு முறை சுற்றும். பெரிய பல்சக்கரத்தில் 41 பல், சிறியதில் 11 பல் என்றால், வகுத்துப் பாருங்கள்: 3.73. இந்த எண்தான் அச்சின் ஜாதகம். எண் பெரிதாக இருந்தால் பாரம் இழுக்கும் சக்தி அதிகம். எண் சிறிதாக இருந்தால் நெடுஞ்சாலையில் எஞ்சின் அலறாமல், பெட்ரோலும் அதிகம் குடிக்காமல் ஓடும்.

நெருங்கிய உறவில் சம்பந்தம்

மாற்று அச்சுக்கு எங்கே போவது? காயலான் கடைக்குத்தான்! அமெரிக்காவில் ஏக்கர் கணக்கில் பரந்த காயலான் கடைகள் உண்டு. சிலவற்றில், நாமே ஸ்பானர் கொண்டுபோய் வேண்டியதைக் கழற்றிக்கொண்டு பணத்தைக் கட்டிவிட்டு வரலாம்.

ஃபோர்டு கம்பெனியின் ரேஞ்சர் என்ற சிறிய பிக்கப், 1983-ஆம் வருஷத்து மாடலாக வெளிவந்தது. அதன் சட்டத்தையே ஆதாரமாகக் கொண்டு, 1991-ஆம் வருஷத்து மாடலாக எக்ஸ்ப்ளோரர் என்ற குடும்ப வண்டி வந்தது. ஆகவே இரண்டும் நெருங்கிய உறவு. பழைய ரேஞ்சர்கள் பலவற்றின் பின்னச்சில் பெரிய பல்சக்கரம் 7.5 அங்குலம், எக்ஸ்ப்ளோரரில் 8.8 அங்குலம். சக்கரத்தைச் சுற்றும் தண்டின் முனையில் ரேஞ்சருக்கு 28 வரிப்பற்கள், எக்ஸ்ப்ளோரருக்கு 31. அதாவது தண்டு பருமன். முறுக்கைத் தாங்கும் பலமும் அதிகம். போதாக்குறைக்கு 1995 முதல் 2001 வரை வந்த எக்ஸ்ப்ளோரர்களில் பின் சக்கரத்துக்கு டிரம் பிரேக்குக்குப் பதிலாக டிஸ்க் பிரேக். 2002-இல் பின்பக்க அமைப்பையே மாற்றிவிட்டார்கள். அந்த அச்சு இதற்கு உதவாது.

2009-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. பெட்ரோலை அதிகம் குடிக்கும் பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு, சிக்கனமான புது வண்டி வாங்குகிறவர்களுக்கு 3,500 அல்லது 4,500 டாலர் சலுகை. ஏறக்குறைய ஆறு லட்சத்து எண்பதாயிரம் வண்டிகள் வந்து குவிந்தன. அவற்றில் முதலிடம் எக்ஸ்ப்ளோரருக்கு! மறுபடி ஓடக்கூடாது என்று எஞ்சினில் எண்ணெயை வடித்துவிட்டு, சோடியம் சிலிகேட் கரைசலை ஊற்றி ஓடவிட்டு, அதன் உயிரைப் போக்கினார்கள். ஆனால் பின்னச்சைத் தனியே கழற்றி விற்கலாம் என்று சட்டமே இடம் கொடுத்தது. தாய்வண்டி போய்விட்டாலும் அச்சு வேறு வீட்டில் வாழ வழி பிறந்தது.

பார்க்க வேண்டிய பொருத்தங்கள்

முதலில் எண் பொருத்தம். விற்பவர் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. நடுத்தண்டு வந்து சேரும் முனையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, இரண்டு சக்கரமும் சேர்ந்து ஒரு முழுச் சுற்று வரும்வரை அந்த முனையைச் சுற்றி எண்ணினால் போதும். மூன்றே முக்காலுக்குச் சற்றுக் குறைவாக வந்தால் 3.73. நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியாக இருந்தால் முன்னச்சின் எண்ணும் இதுவாகவே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு பல்சக்கரப் பெட்டியை உடைத்துவிடும்.

இரண்டாவது, உட்காரும் இடம். ரேஞ்சரில் பட்டை வில்கள் அச்சுக்கு மேலே அமர்கின்றன. எக்ஸ்ப்ளோரரில் அச்சுக்குக் கீழே. ஆகவே பழைய இருக்கைகளை அறுத்து எடுத்து, புதியவற்றை எதிர்ப்பக்கத்தில் வெல்டிங் செய்ய வேண்டும். ஒரே மூச்சில் வைத்தால் சூட்டில் அச்சுக் குழாய் கோணிவிடும். சிறிது சிறிதாக வைத்து ஆறவிட வேண்டும். நடுத்தண்டு வந்து சேரும் கோணமும் சரியாக அமைய வேண்டும். இல்லாவிட்டால் வண்டி முழுவதும் நடுங்கும். இது கைதேர்ந்த வெல்டரின் வேலை.

மூன்றாவது, பிரேக். வீட்டார் அதிகமாகக் கவலைப்பட வேண்டியது இங்கேதான். பிக்கப்பின் தொட்டி காலியாக இருக்கும்போது பின்பக்கம் இலேசாக இருக்கும். பின் பிரேக் அளவுக்கு மீறிப் பிடித்தால், முன் சக்கரம் நிற்பதற்குள் பின் சக்கரம் இறுகி, மழை நாளில் வண்டி பம்பரமாய்ச் சுற்றிவிடும். ஆகையால் முன் பிரேக்குக்கும் பின் பிரேக்குக்கும் சமன் பார்த்து, குழாய்களில் காற்றில்லாமல் எடுத்து, ஆளில்லாத இடத்தில் ஓட்டிச் சோதிக்க வேண்டும். கைப்பிரேக் கம்பியின் நீளமும் மாறும். அதை, “அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்” என்று விடக்கூடாது. சரிவில் நிறுத்திய வண்டிக்கு அப்புறம் என்பது கிடையாது.

நாலாவது, முள். பழைய வண்டிகளில் வேகத்தைக் காட்டும் முள், கியர் பெட்டியிலிருந்து வரும் கம்பியால் அசைகிறது. அச்சின் எண் மாறினால் முள் பொய் சொல்லும். 4.10 அச்சை எடுத்துவிட்டு 3.27 அச்சைப் போட்டவர், முள் 60 மைல் காட்டும்போது உண்மையில் 75 மைல் வேகத்தில் பறந்துகொண்டிருப்பார்! கியர் பெட்டியில் இருக்கும் ஒரு சிறு பல்சக்கரத்தை மாற்றினால் முள் மறுபடி உண்மை பேசும். அச்சை மாற்றியவருக்கு இது தெரிந்திருக்கும். மறுநாள் சாவியை வாங்கிக்கொண்டு போகும் மனைவிக்கோ மகளுக்கோ தெரியாது. அதனால்தான் இதை இங்கே சொல்கிறேன்.

சில்லறை விஷயங்கள் அல்ல

அச்சை மாற்றுவது, எல்லாம் தயாராக இருந்தால், ஓரிரு நாள் வேலை. ஆனால் வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் ஒருவரும் போகக்கூடாது. சட்டத்துக்குக் கீழே உறுதியான இரும்புத் தாங்கிகளை நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுத்த பிறகே வேலை தொடங்க வேண்டும். அச்சை வில்லோடு பிணைக்கும் யூ போல்ட்டுகள் ஒரு முறை இறுகியதும் நீண்டுவிடும். அவற்றை மறுபடி போடுவது சிக்கனம் அல்ல. புதியதாகவே வாங்க வேண்டும். எண்ணெயும் புதியதாக ஊற்ற வேண்டும். சேற்றில் ஒரு சக்கரம் வழுக்கினாலும் மறு சக்கரம் இழுக்கும்படி அமைந்த ‘லிமிடெட் ஸ்லிப்’ வகையாக இருந்தால், அதற்கென்று உள்ள கூட்டுத் திரவத்தையும் சேர்க்க வேண்டும்.

வீட்டில் இருப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றே: கைப்பிரேக் பிடிக்கிறதா? முள் உண்மை சொல்கிறதா? போல்ட்டு புதிதா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்று பதில் வராதவரை சாவியைக் கையில் வாங்காதீர்கள்.

எல்லாம் முடிந்து வண்டி ஓடத் தொடங்கினாலும் கடமை தீர்ந்துவிடாது. சில நூறு மைல் ஓடியதும் மறுபடி ஒரு முறை அடியில் பார்த்து, போல்ட்டுகள் தளர்ந்திருந்தால் இறுக்கி, எண்ணெய் கசிகிறதா என்று துடைத்துப் பார்க்க வேண்டும். கல்யாணம் ஆனதும் மறுவீடு போய்ப் பெண் சௌக்கியமாக இருக்கிறாளா என்று பார்த்து வருகிறோமே, அதைப் போலத்தான்!