வயிற்றெரிச்சலுக்கு எத்தனை முகம்?
(சொல் தேடி – 12)

கேகாலையிலிருந்து புளத்கொஹுபிட்டிய வழியாக வரும் வீதி, கரவனெல்லையில் அவிசாவளை – நுவரெலியா வீதியோடு சேருகிறது. சுற்றிலும் இறப்பர்த் தோட்டங்கள்; இடையிடையே சிங்களக் கிராமங்கள். புது வீடு எழும்பினால் முகப்பில் வைக்கோல் பொம்மை தொங்கும். சிங்களத்தில் அது பம்பயா. பக்கத்து வீட்டுக் கண்ணுக்குப் பயம் எல்லோருக்கும்தான்.

சிங்களவர் இந்தப் பொறாமை நஞ்சை மூன்றாகப் பிரிக்கிறார்கள்: எஸ்வஹ கண்ணின் நஞ்சு, கடவஹ வாயின் நஞ்சு, ஹோவஹ எண்ணத்தின் நஞ்சு. கண்ணூறு, நாவூறு என முதலிரண்டும் நம்மிடமும் உண்டு. உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டு, நெடி வரவில்லையென்றால் "கண்ணு பட்டிருக்கு" என்று முடிவு கட்டும் கிழவிகள் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் எந்த லயத்திலும் இருப்பார்கள்.

மூன்றாவதற்கு நாம் வைத்திருப்பது வயிற்றெரிச்சல். சரியான இரட்டை முகக்காரன் இது. அடுத்தவன் வாழ்வதைப் பொறுக்காதவனுக்கும் வயிறு எரிகிறது. அநியாயமாகப் பறிகொடுத்தவனுக்கும் எரிகிறது. "ஏழை வயித்தெரிச்சலக் கொட்டிக்காத" என்கிறபோது பொறாமையைச் சொல்லவில்லை, சாபத்துக்குப் பயப்படுகிறோம். ஜெர்மானியரான நீட்சே 1887இல் வெளியிட்ட நூலில், பலமில்லாதவனுக்குள் புளித்துப்போகும் பகைக்கு 'ரெசந்திமா' என்ற பிரெஞ்சுச் சொல்லைக் கடன் வாங்கினார். வயிற்றெரிச்சல் தெரிந்திருந்தால் கடன் மிச்சமாகியிருக்குமோ என்னவோ.

பௌத்த அபிதர்மம் இன்னும் நுட்பமானது. இஸ்ஸா என்னும் பொறாமையை அது ஆசையின் பக்கம் வைக்கவில்லை, வெறுப்பின் பக்கம் வைத்தது. பொறாமைக்காரன் தனக்கு வேண்டும் என்று தவிப்பதைவிட, மற்றவனுக்கு இருக்கக்கூடாது என்றே தவிக்கிறான்.

இந்தக் கேகாலை மாவட்டத்திலேயே இந்தச் சொற்களெல்லாம் மோதிய ஓரிடம் உண்டு: நேவ்ஸ்மியர் தோட்டம். நிலமற்ற கிராமத்தாருக்குக் காணி பிரித்துக் கொடுக்க அரசு அதைச் சுவீகரித்தது. அங்கே குடியிருந்த தமிழ்த் தொழிலாளருக்கு வெளியேறும்படி நோட்டீஸ் வந்தது. 1946இல் அக்கம்பக்கத் தோட்டங்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கின.

கிராமத்தானின் எரிச்சலில் நியாயம் இருந்தது. உரித்தை நிரூபிக்க முடியாத காட்டையும் தரிசையும் 1840ஆம் ஆண்டுச் சட்டம் பிரித்தானிய முடிக்குரியதாக்கிற்று. முடி அவற்றைத் தோட்டத் துரைமாருக்கு விற்றது. ஆனால் துரை பங்களா மலை உச்சியில். கூப்பிடு தூரத்தில் இருந்தது லயம்தான். அங்கே கூரையும் மாதச் சம்பளமும் கண்ணுக்குத் தெரிந்தன. லயத்தானோ கிராமத்தானின் சொந்தக் காணியையும் பலா மரத்தையும் பார்த்துப் பெருமூச்சு விட்டான். மேட்டைப் பார்த்திருக்க வேண்டிய இரண்டு கண்களும் பக்கவாட்டிலேயே பார்த்துக்கொண்டிருந்தன. எனக்கு இதில்தான் ஆற்றாமை.

அந்த வேலைநிறுத்தம் நடந்து இரண்டே வருடம். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. லயத்தில் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். துரைமாரின் தோட்டங்கள் அப்படியே இருந்தன. அவற்றின் மேல் அரசு கைவைக்க 1975 வரை போயிற்று.