காருக்குக் காய்ச்சலா? தண்ணீர் மட்டும் மருந்தல்ல!

சித்திரை வெயில் உறைக்க ஆரம்பித்ததும் கோயமுத்தூர்க்காரர்களுக்கு ஊட்டி ஞாபகம் வந்துவிடும். குழந்தைகளுக்குப் பரீட்சை முடிந்ததுதான் தாமதம், புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு வீட்டுக் காரிலேயே மேட்டுப்பாளையம் வழியாகக் கிளம்பிவிடுவோம். கல்லாறு தாண்டி மலை ஏறினால், பர்லியாறு போவதற்குள் பழைய கார் ஒன்றாவது பானெட்டைத் திறந்து போட்டு, 'புஸ் புஸ்' என்று ஆவி விட்டபடி நிற்கும். அப்பா தண்ணீர் தேடி ஓடுவார். அம்மா குழந்தைகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நிற்பாள்.

"கார் சமாசாரம் நமக்கெதற்கு? அது ஆண்கள் பாடு" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். ரோட்டோரம் குழந்தைகளோடு நிற்கப் போவது நாம்தானே! நம்மில் எத்தனையோ பேர் இப்போது காரும் ஓட்டுகிறோம். குக்கரையும் கிரைண்டரையும் கட்டி ஆள்கிற நமக்கு இதில் புரியாதது ஒன்றும் இல்லை.

அம்பாஸடர் கார் தயாரிப்பு 2014-ஆம் வருஷம் நின்றுபோனது. மாருதி 800 நின்றதும் அதே வருஷம்தான். ஆனாலும் மாமனார் வாங்கியது, அப்பா கொடுத்தது என்று விற்க மனசில்லாமல் வைத்திருப்பவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். எங்கள் வீட்டிலும் மாமனார் காலத்து அம்பாஸடர் ஒன்று இருக்கிறது. அதற்கு வைத்தியம் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மலை ரயில் வேறு, கார் வேறு

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் போகும் நீராவி ரயிலைப் பார்த்திருப்பீர்கள். 1899-இல் குன்னூர் வரை ஓட ஆரம்பித்து, 1908-இல் ஊட்டி வரை நீண்டது. 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்தது. வழியில் ஹில்குரோவ் போன்ற ஸ்டேஷன்களில் நின்று தண்ணீர் குடிக்கும். அந்தத் தண்ணீரை ஆவியாக்கி, ஆவியின் பலத்தில்தான் அது மலை ஏறுகிறது. குடித்தால்தான் ஓடும்.

கார் அப்படியில்லை. ரேடியேட்டரில் ஊற்றிய தண்ணீர் எங்கேயும் போகக் கூடாது. எஞ்சினைச் சுற்றி வந்து சூட்டை வாங்கிக்கொள்ளும். ரேடியேட்டருக்கு வந்து காற்றில் ஆறும். மறுபடி எஞ்சினுக்கே போகும். இந்தச் சுற்று நடக்க மூன்று விஷயம் வேண்டும்: தண்ணீர் குறையக் கூடாது, தண்ணீர் ஓட வேண்டும், காற்று வீச வேண்டும். சூடாகிற கார்களில் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான் கெட்டிருக்கும்.

"எங்க வண்டிக்குத் தினமும் ஒரு சொம்பு தண்ணி ஊத்தணும், மத்தபடி தங்கமான வண்டி" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது தங்கமில்லை, நோயாளி. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் ஈரத்துணி போடுகிறோம். அதோடு விட்டுவிடுவோமா? காரணம் என்னவென்று டாக்டரைக் கேட்போம் அல்லவா!

எப்போது சூடாகிறது?

காய்ச்சல் எப்போது வருகிறது என்று டாக்டர் கேட்பதுபோல, எங்கள் மெக்கானிக்கும் முதலில் இதைத்தான் கேட்பார். "அம்மணி, வண்டி எப்பச் சூடாவுதுன்னு மட்டும் சரியாச் சொல்லிப்போடுங்க, பாதி வேலை முடிஞ்சுதுங்க" என்பார். கவனித்துச் சொல்ல வேண்டியவை இவை:

காந்திபுரம் நெரிசலில் சூடாகிறது, அவிநாசி ரோட்டில் வேகமாகப் போனால் இறங்கிவிடுகிறது என்றால், காற்று போதவில்லை. அம்பாஸடரில் ஃபேன், தண்ணீர் பம்ப், டைனமோ மூன்றையும் சுற்றுவது ஒரே பெல்ட். வீட்டுக் கிரைண்டரில் பெல்ட் தளர்ந்தால் கல் தயங்குகிற மாதிரிதான் இதுவும். எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, பெல்ட்டின் நீளமான பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அரை அங்குலம் அமுங்கினால் சரி. தொளதொளவென்றிருந்தால் இறுக்க வேண்டும், வெடித்திருந்தால் மாற்ற வேண்டும். மாருதி 800-ல் ஃபேன் கரண்டில் சுற்றுவது. வண்டி சூடான பிறகும் ஃபேன் சுற்றவில்லை என்றால் பியூஸையும் ஃபேன் ஸ்விட்சையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஊருக்குள் சரியாக இருக்கிறது, நெடுந்தூர ஓட்டத்திலும் மலையிலும் சூடாகிறது என்றால், ரேடியேட்டர் அடைத்திருக்கலாம். வெளியே பூச்சி, தூசி, பஞ்சு அடைத்திருந்தால் எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக மெதுவாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவலாம். உள்ளே அடைத்திருந்தால் ரேடியேட்டர் கடைக்குத்தான் போக வேண்டும்.

கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே சூடாகிறது என்றால், தண்ணீர் இல்லை அல்லது தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கிக்கொண்டிருக்கிறது. எஞ்சின் சுட்டதும் தானாகத் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடுகிற சின்னக் கதவு அது.

தண்ணீர் குறைகிறது, ஒழுகுகிற இடம் தெரிகிறது என்றால் ரப்பர் ஹோஸ், பம்ப், ரேடியேட்டர் இவற்றில் ஒன்று. இதைக் கண்டுபிடிப்பதில் நம்மை மிஞ்ச ஆளில்லை. விடிகாலையில் வாசல் தெளிக்கிறவர்கள் நாம்தானே! ராத்திரி காருக்கு அடியில் பழைய பேப்பரை விரித்து வையுங்கள். சொட்டு பச்சையாகவோ சிவப்பாகவோ இருந்தால் கூலண்டாக இருக்கும். கறுப்பாகப் பிசுக்கென்று இருந்தால் ஆயில்.

தண்ணீர் குறைகிறது, ஒரு சொட்டுக்கூடக் கீழே இல்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும். ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். ஆயில் பால் விட்ட காபி நிறத்தில் இருக்கிறதா, சைலன்சரில் வெள்ளைப் புகை விடாமல் வருகிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் வண்டியை எடுக்கவே வேண்டாம். சூட்டோடு சூடாக இன்னும் பத்து மைல் ஓட்டினால், கேஸ்கெட்டோடு போயிருக்க வேண்டிய செலவு எஞ்சின் செலவாகிவிடும். மாருதியின் எஞ்சின் ஹெட் அலுமினியம். அதிகச் சூட்டில் வளைந்தே போகும்.

மூடியும் குக்கர் மூடியும் ஒன்றே

ஊட்டியில் சாதாரணப் பாத்திரத்தில் பருப்பு சீக்கிரம் வேகாது. உயரம் போகப் போகத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுவதுதான் காரணம். ஊட்டியில் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கரில் ஆவியை அடக்குவதால் சூடு ஏறிப் பருப்பு வேகிறது. ரேடியேட்டர் மூடியும் இப்படித்தான். உள்ளே அழுத்தத்தை வைத்து, 100 டிகிரி தாண்டியும் தண்ணீரைக் கொதிக்கவிடாமல் பிடித்துவைக்கிறது. மூடியின் ரப்பர் தேய்ந்துபோனால் அதற்காகவே வண்டி பொங்கும். புதுசு வாங்கும்போது பழைய மூடியில் போட்டிருக்கும் அதே எண் பார்த்து வாங்குங்கள்.

வெயிட் இறங்காத குக்கரைத் திறப்போமா? சூடான ரேடியேட்டரையும் திறக்கவே கூடாது. திறந்த நொடியில் கொதிநீர் முகத்தில் அடிக்கும். எட்டிப் பார்க்க வருகிற குழந்தையின் முகமும் அந்த உயரத்தில்தான் இருக்கும்.

மலையில் பொங்கிவிட்டால்

ஊசி சிவப்புப் பக்கம் ஏறினால் ஏ.சி. இருந்தால் நிறுத்திவிட்டு, வளைவில்லாத அகலமான இடமாகப் பார்த்து ஓரம் கட்டுங்கள். ஹாண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குப் பின்னால் கல் வையுங்கள். குழந்தைகளை மலைச்சுவர் பக்கமாக, காரைவிட்டுத் தள்ளி நிறுத்துங்கள். ஆவி வந்தாலோ, சார்ஜ் விளக்கு எரிந்தாலோ உடனே எஞ்சினை நிறுத்திவிடுங்கள். சார்ஜ் விளக்கோடு சூடும் ஏறினால் பெல்ட் அறுந்திருக்கும் என்று அர்த்தம். ஊசி திடீரென்று கீழே விழுந்தால் சந்தோஷப்படாதீர்கள். தண்ணீர் மொத்தமும் போய்விட்டால் ஊசி தப்பாகக் காட்டும்.

அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். பிறகு தடித்த துணியைப் போட்டு, முகத்தை விலக்கி, மூடியைக் கால் சுற்று மட்டும் திருப்புங்கள். 'உஸ்' சத்தம் முழுக்க அடங்கிய பிறகே கழற்ற வேண்டும். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். அடுப்பிலிருந்து இறக்கிய கண்ணாடிப் பாத்திரத்தில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்? எஞ்சினும் அப்படியே விரிசல் விடும். அதற்குப் பிறகும் சூடு ஏறினால் பிடிவாதமாக மேலே ஏறாதீர்கள். டோ செய்து மேட்டுப்பாளையம் இறக்குவதே மலிவு.

கொதிநீர் மேலே பட்டுவிட்டால் இங்க், பேஸ்ட், தோசை மாவு எதையும் தடவாதீர்கள். சாதாரணக் குளிர்ந்த தண்ணீரை 20 நிமிஷம் விட்டுக்கொண்டே இருங்கள். ஐஸ் வேண்டாம். வளையல், மோதிரத்தைக் கழற்றிவிட்டு, சுத்தமான துணியால் மூடுங்கள். முகம், கண், கை என்றாலோ, குழந்தை என்றாலோ நேரே ஆஸ்பத்திரிதான். 108-ஐக் கூப்பிடத் தயங்காதீர்கள். காருக்கென்று எடுத்துப் போகிற ஐந்து லிட்டர் கேன் தண்ணீர் இந்த அவசரத்துக்கும் உதவும்.

என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்?

சிறுவாணித் தண்ணீர் காய்ச்சுகிற பாத்திரத்தில் அவ்வளவாகக் கறை பிடிக்காது. அதிலேயே நாலு நாள் போர் தண்ணீர் காய்ச்சிப் பாருங்கள், அடியில் வெள்ளையாக உப்புப் படியும். ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் அதே உப்புத்தான் படிந்து அடைக்கிறது. ஆகவே வழக்கமாக ஊற்ற டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும்தான் நல்லது. டப்பாவில் போட்டிருக்கும் அளவுப்படி கலந்துகொள்ளுங்கள். ஒன்று மட்டும் ஜாக்கிரதை. கூலண்ட் இனிக்கும், ஆனால் கொடிய விஷம். ஜூஸ் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தைக்கும் நாய், பூனைக்கும் எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். கீழே சிந்தினால் உடனே கழுவிவிடுங்கள்.

மலைக்குக் கிளம்ப ஒரு வாரம் முன்பே, எஞ்சின் ஆறியிருக்கும் காலை நேரத்தில் ஐந்து நிமிஷம் ஒதுக்குங்கள். தண்ணீர் மட்டம், பெல்ட், ஹோஸ், மூடி, ஆயிலின் நிறம், காருக்கு அடியில் விரித்த பேப்பர், இந்த ஆறையும் பாருங்கள். தண்ணீர் குறைந்திருந்தால் ஊற்றிவிட்டு, மறுநாளும் பாருங்கள். மறுபடியும் குறைந்திருந்தால் வீட்டுக்காரரிடம் தயங்காமல் சொல்லுங்கள்: "இன்னொரு சொம்பு ஊத்தறது இருக்கட்டுங்க, மொதல்ல மெக்கானிக்கிட்டக் காட்டிட்டு வந்துடலாம்!"