உங்களுக்குத் தெரியுமா? கை நடுக்கமும் களைக்கொல்லியும்

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் ‘மருந்தடிக்கிற வேலை’ பெரும்பாலும் பெண்கள் தலையில்தான் விழுந்தது. முதுகுப் பம்பின் மூடி கொஞ்சம் தளர்ந்தாலும் மருந்து கசிந்து சட்டையோடு முதுகில் ஒட்டும். மூக்கில் ரத்தம் வரும், விரல் நகம் கழன்றுவிடும். அந்தக் களைக்கொல்லி மருந்துகளில் பேர் போனது பாராகுவாட். பார்க்கின்சன் எனும் நடுக்குவாதத்துக்குக் காரணம் தேடுபவர்களும் இன்று இந்தப் பெயரைத்தான் அடிக்கடி சொல்கிறார்கள்.

ஏன் இதன்மேல் சந்தேகம்? 1982இல் கலிபோர்னியாவில் கள்ள ஹெராயின் ஊசி போட்டுக்கொண்ட சில இளைஞர்கள், கை கால் அசைக்க முடியாமல் விறைத்துப் போனார்கள். போதைப் பொருளில் கலந்திருந்த எம்பிடிபி, மூளைக்குள் வேறொரு பொருளாக மாறி டோபமின் சுரக்கும் செல்களைக் கொன்றிருந்தது. அந்தப் பொருளின் மூலக்கூறும் பாராகுவாட்டும் ஏறக்குறைய ஒரே சாயல்!

2011இல் வெளியான அமெரிக்க ஆய்வில், பாராகுவாட்டை அல்லது ரோட்டினோன் எனும் பூச்சிக்கொல்லியைக் கையாண்டவர்களிடம் இந்நோய் சுமார் 2.5 மடங்கு அதிகம் காணப்பட்டது. தொடர்பு இருக்கிறது, இன்னாருக்கு இதனால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது.

ரோட்டினோன் எங்கோ பிறந்த விஷமல்ல. ஓராங் அஸ்லி மக்கள் நசுக்கி ஆற்றில் விட்டு மீன் பிடித்த தூபா வேரில் இருப்பதும் இதுதான். ‘இயற்கையானது, ஒன்றும் செய்யாது’ என்பவர்கள் கவனிக்க.

மலேசியா 2002இல் பாராகுவாட்டைத் தடுக்க முடிவெடுத்தது. 2006இல் அந்த முடிவைத் தளர்த்தியது. 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத் தடை. இடையில் பம்பு சுமந்தவர்களின் உடம்புக்கு யார் கணக்கு வைத்தார்கள்?

வயது, பரம்பரை, தலையில் பட்ட பலத்த அடி ஆகியவையும் இந்நோய்க்கான காரணப் பட்டியலில் உண்டு. காப்பி குடிப்பவர்களிடம் நோய் சற்றுக் குறைவு என்கிறார்கள். அதற்காகக் கடையில் உட்கார்ந்து நாலு கோப்பி ஓ கேட்காதீர்கள்!

கை நடுங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மணம் தெரியாமல் போகலாம், மலச்சிக்கல் வரலாம், தூக்கத்தில் கை கால் உதறலாம். டாக்டர் ‘என்ன வேலை செஞ்சீங்க?’ என்று கேட்டால் ‘தோட்ட வேலை’ என்பதோடு நிறுத்தாமல், எத்தனை வருஷம் மருந்தடித்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.