ஊர் கூடும் இடம் – 7: கையெழுத்துக்கு முன்னால்

சென்ற வாரம் உத்திரமேரூரில் நின்றோம். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு சொல்லும் அந்தச் சபையில் இடம்பெற வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும், வயது 35-க்கும் 70-க்கும் இடையே இருக்க வேண்டும். இன்றைய கிராம சபைக்கு ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். அடுத்தவர் காட்டில் களையெடுக்கப் போகும் பெண்ணுக்கும் ஊரிலேயே அதிக நிலம் வைத்திருப்பவருக்கும் அங்கே ஒரே தகுதிதான். உத்திரமேரூர்ச் சபைக்கு ஆள் தேர்ந்த குடவோலையைப் பற்றி மேடைதோறும் பேசுகிறோம். எனக்கு இதுதான் அதைவிடப் பெரிய பெருமையாகப் படுகிறது.

1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் கிராம சபைக்கு அரசியல் சட்டத்தில் இடம் கொடுத்தது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் வந்தது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களில் கூடிவந்த சபைக்கு 2022-இல் மார்ச் 22-உம் நவம்பர் 1-உம் சேர்ந்தன. இரண்டு கூட்டங்களுக்கு இடையே ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி விழக்கூடாது என்பது சட்டம். 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கும் மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். இதுதான் குறைவெண் வரம்பு, ஊரார் வாயில் 'கோரம்'.

இந்தக் கோரத்தை நிரப்புவதற்காகத்தான் பல ஊர்களில் நூறு நாள் வேலைப் பெண்களை அழைத்து வருகிறார்கள். ஆள் கணக்குக்காக வரவழைக்கப்பட்டவர்கள்தான் சபைக்கு உயிர் கொடுக்கிறார்கள் என்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

திருவண்ணாமலை மாவட்டத்து ஊராட்சி ஒன்றில் ஒரு சுதந்திர தினம். கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடித்த பள்ளிக்கூட வளாகத்திலேயே சபை. வரவு செலவைக் காட்டும் 'படிவம் 30' ஒரு ஃபிளெக்ஸ் பேனராகத் தலைவரின் நாற்காலிக்குப் பின்னால் தொங்கியது. எழுத்து பொடி, எழுந்து பக்கத்தில் போனால்தான் தெரியும். ஒன்றியத்திலிருந்து வந்திருந்த பற்றாளர் மைக்கைச் சரிசெய்துகொண்டிருந்தார். முதல் கூட்டப் பொருளை வாசிக்கும் முன்பே தீர்மான நோட்டு புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்த பெண்களிடம் வந்துவிட்டது. கூடவே கைநாட்டுக்கு மைப்பெட்டி.

"இந்த இடத்துல போடுங்கக்கா" என்றார் ஊராட்சிச் செயலர்.

"மேல ஒண்ணுமே எழுதலையே தம்பி?"

"அது அப்புறம் எழுதிக்குவோம்க்கா."

"அப்ப நானும் அப்புறமே போடுறேன்."

அந்த அக்கா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் இருந்தவர்களும் பேனாவை வாங்கவில்லை. நோட்டு மேசைக்கே திரும்பிப் போனது.

கூட்டப் பொருள் வரிசையாக வாசிக்கப்பட்டது. டெங்கு தடுப்பு, பிளாஸ்டிக் ஒழிப்பு, மழைநீர் சேகரிப்பு என்று மேலிடத்திலிருந்து அச்சாகி வருகிற பட்டியல் அது. எல்லாம் தேவையானவைதான். ஆனால் வெயில் ஏறி, பாதிப் பேர் எழுந்து போன பிறகுதான் 'இதர பொருள்' வருகிறது. ஊரின் சொந்தப் பிரச்சினைகள் முழுக்க அதற்குள்தான் அடைந்து கிடக்கின்றன. இந்த வரிசையை மாற்றினாலே சபை பாதி சீராகிவிடும் என்பது என் கட்சி.

அக்காவின் தெருவில் மோட்டார் பழுது, தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை. அவர் எழுந்து சொன்னார். 'குடிநீர்ப் பிரச்சினை விவாதிக்கப்பட்டது' என்று செயலர் எழுதினார். அக்கா வாசித்துக் காட்டச் சொன்னார். எந்தத் தெரு, எந்த மோட்டார், எத்தனை நாளுக்குள் யார் சரிசெய்வது என்பதையெல்லாம் சேர்த்து எழுதிய பிறகே கையெழுத்துப் போட்டார். அவ்வளவும் பத்து நிமிட வேலை.

எழுதிய தீர்மானத்தின் பலத்துக்கு ஒடிசாவின் நியம்கிரி சாட்சி. அந்த மலையில் பாக்சைட் வெட்டுவதா என்பதை அங்குள்ள கிராம சபைகளே முடிவு செய்ய வேண்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு டோங்கிரியா கோந்த் மக்களும் அண்டை வீட்டாரும் 12 ஊர்களில் கூடினார்கள். 12 சபையும் வேண்டாம் என்று தீர்மானம் போட்டன. வேதாந்தாவின் சுரங்கத் திட்டம் அதோடு நின்றது. அவர்களுக்குத் துணையாக 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இருந்தது. நம் ஊராட்சித் தீர்மானங்களுக்கு எல்லா விஷயத்திலும் அந்த அளவு சட்ட வலு கிடையாது. அதனாலேயே நாம் எழுதுவதை இன்னும் திருத்தமாக எழுதியாக வேண்டும்.

யார் எழுதுகிறார்கள் என்பதற்கு முன்னால் யார் உள்ளே வரமுடிகிறது என்ற கேள்வி இருக்கிறது. மதச்சார்புள்ள எந்த வளாகத்திலும் கிராம சபை நடத்தக்கூடாது என்று அரசு அறிவுறுத்துகிறது. கோயில் வாசலில் சபை வைத்தால் சேரிக்காரர் எங்கே நிற்பார் என்று தெரிந்த ஊர்களுக்கு இந்த வரியின் அருமை புரியும்.

மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996-இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. பத்தாண்டு காலம் அங்கே முறையான தேர்தல் நடக்க விடவில்லை. மனுப் போட ஆளில்லை, போட்டு வென்றாலும் உடனே ராஜினாமா. 2006-இல்தான், மாவட்ட ஆட்சியராக உதயச்சந்திரன் இருந்தபோது, தேர்தல் நடந்து தலைவர்கள் நாற்காலியில் அமர்ந்தார்கள். அதே பாப்பாபட்டியில் 2021 அக்டோபர் 2 அன்று கிராம சபை கூடியபோது முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் வந்து ஊராரோடு உட்கார்ந்தார். சபைக்குத் தலைமை தாங்க வேண்டியவர் ஊராட்சித் தலைவர் என்று சட்டம் சொல்கிறது. அந்த ஒரு வரி நடப்புக்கு வர அந்த ஊர் பத்தாண்டு காத்திருந்தது.

தேர்தலே நடத்தாமல் விடுவதும் சபையைச் சாகடிக்கும். 2016 அக்டோபர் முதல் 2019 டிசம்பர் வரை தமிழகத்து ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்கள் இல்லை, தனி அலுவலர்கள் இருந்தார்கள். 2025 ஜனவரியில் பெரும்பாலான மாவட்டங்களில் பதவிக்காலம் முடிந்ததும் மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள். தலைவரிடம் வீட்டு வாசலில் நின்று கேட்கலாம். தனி அலுவலர் ஒன்றிய அலுவலகத்தில் இருக்கிறார். இடையில் பஸ் கட்டணமும் ஒரு நாள் கூலியும் கிடக்கின்றன.

வாசகர் பலர் கடிதத்தில் கேட்டிருந்தார்கள், நாங்கள் என்ன செய்வது என்று. ஏழு நாளுக்கு முன்பே கூட்ட அறிவிப்பு வந்துவிட வேண்டும். வந்ததும் உங்கள் தெருவின் கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, கூட்டப் பொருளில் சேர்க்கச் சொல்லுங்கள். நான்கைந்து பேராகப் போங்கள். தனியாக எழுந்து பேசுபவரை அடக்குவது சுலபம். முடியும்வரை இருங்கள். நோட்டில் எழுதியதை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போட்டால் தீர்மான நகல் கைக்கு வரும். அடுத்த சபைக்கு அதை எடுத்துக்கொண்டு போகலாம்.

நகரத்தில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் கிடையாதா? 2022 நவம்பர் 1 முதல் உண்டு. வார்டுகளுக்கு வந்திருக்கும் பகுதி சபா பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)