படம் எடுத்தால் மட்டும் போதாது; பெயர் எழுதி வையுங்கள்!

புனே விமான் நகரில் குடியிருக்கும் தமிழர்களுக்கு 11 மாதம் என்பது ஒரு கணக்கு. வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதத்துக்குத்தான் எழுதப்படுகிறது. அது முடிந்ததும் புதுப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு வேறு அறை பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு முறையும் ஆதார் நகல், பான் கார்டு நகல், வேலை பார்க்கும் இடத்தின் கடிதம், போட்டோ என்று ஒரு கட்டுக் காகிதம் கேட்கிறார்கள். போலீசில் குடியிருப்போர் விவரம் பதிவு செய்யவும் அதே காகிதங்கள்தான்.

"எல்லாம் செல்போனில் இருக்கிறது" என்று நாமும் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால், தேடத் தொடங்கினால்? ஊர்க் கோவில் கொடை, தங்கை கல்யாணம், பிள்ளையின் பிறந்த நாள் என்று ஆயிரக்கணக்கில் படங்கள். அவற்றின் நடுவே எங்கோ ஒரு மூலையில் மதிப்பெண் பட்டியல். அது கிடைப்பதற்குள் கவுண்ட்டரில் இருப்பவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டு விடுகிறார். அரை நாள் சம்பளம் போயிற்று.

காகிதம் டிரங்குப் பெட்டியில் தொலைந்தால் என்ன, செல்போனில் தொலைந்தால் என்ன? இரண்டும் ஒன்றுதான்.

எரவாடா தரும் பாடம்

இதற்கு வழிகாட்டும் இடம் ஒன்று விமான் நகருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அது எரவாடா. அங்கே சிறைச்சாலை இருப்பது எல்லோருக்கும் தெரியும். டெக்கான் கல்லூரி இருப்பது பலருக்குத் தெரியாது.

1948-ம் ஆண்டு அந்தக் கல்லூரியில் ஒரு பெரிய வேலை தொடங்கியது. சமஸ்கிருதச் சொற்களின் வரலாற்றைக் கூறும் பேரகராதி அது. தொடங்கி வைத்தவர் பேராசிரியர் எஸ்.எம்.கத்ரே. ஏறத்தாழ 1,500 நூல்களைப் படித்து, ஒவ்வொரு சொல்லையும் ஒரு சிறு காகிதச் சீட்டில் எழுதினார்கள். சொல் எது, எந்த நூலில் வருகிறது, எந்த இடத்தில் வருகிறது என்ற விவரங்கள் சீட்டிலேயே இருக்கும். இந்தச் சேகரிப்பு மட்டும் 25 ஆண்டுகள் நடந்தது. சேர்ந்த சீட்டுகள் ஏறத்தாழ 1 கோடி!

அகராதியின் முதல் பகுதி 1976-ல் வெளிவந்தது. சீட்டு எழுதியவர்கள் வேறு. பின்னாளில் அதை எடுத்துப் பார்த்தவர்கள் வேறு. ஆனாலும் வேலை நிற்கவில்லை. காரணம், ஒவ்வொரு சீட்டும் தான் யார் என்பதைத் தானே சொல்லும். அகர வரிசையில் அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும்.

அங்கே ஒழுங்கு முதலில் வந்தது. ஸ்கேன் செய்வது பிற்பாடு வந்தது. நாமோ தலைகீழாகச் செய்கிறோம். படத்தை எடுத்துக் குவித்துவிட்டு, ஒழுங்கை மறந்துவிடுகிறோம்.

ஐந்து வரி போதும்

செல்போனில் குறிப்பு எழுதும் வசதி இருக்கிறது. கூகுள் கீப், ஒன்நோட் என்று பல பெயர்களில் அவை கிடைக்கின்றன. ஒரு காகிதத்துக்கு ஒரு குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். காகிதத்தை மேஜையில் பரப்பி, நிழல் விழாமல், இரண்டு பக்கமும் ஸ்கேன் எடுத்து அதில் சேருங்கள். பிறகு கீழே ஐந்து வரி எழுதுங்கள்:

1. இது யாருடையது?

2. என்ன காகிதம்?

3. என்ன தேதியிட்டது? எப்போது காலாவதி ஆகும்?

4. இதில் பெயர் எப்படி அச்சாகி இருக்கிறது?

5. அசல் எங்கே இருக்கிறது?

"அசல் - ஊரில், அம்மா பீரோவில், மேல் தட்டு" என்று எழுதி வைத்திருந்தால், ஒரே ஒரு டெலிபோனில் காரியம் முடியும்.

படத்துக்குள் இருக்கும் எழுத்தையும் தேடித் தரும் வசதி இப்போது வந்துவிட்டது. தமிழ், மராத்தி எழுத்துகளையும் அது படிக்கும். ஆனால் மங்கிய டைப் எழுத்து, ரப்பர் ஸ்டாம்பு, வி.ஏ.ஓ. கையால் எழுதிய சான்று இவற்றில் அது தடுமாறும். கையால் எழுதிய ஐந்து வரி தடுமாறாது.

பிரிவுகளும் ஐந்து இருந்தால் போதும்: அடையாளம், படிப்பு, வேலை, வீடு-நிலம், மருத்துவம். இருபது பிரிவு வைத்தால் எதை எங்கே போட்டோம் என்பதே மறந்துவிடும்.

பெயரில் வரும் வில்லங்கம்

நான்காவது வரிதான் வெளி மாநிலத் தமிழருக்கு உயிர் நாடி.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முருகேசன் மகன் செல்வம் என்றால், பள்ளிக்கூடச் சான்றிதழில் "எம்.செல்வம்". பான் கார்டு விண்ணப்பம் தனி இனிஷியலை ஏற்பதில்லை. அப்பா பெயரை விரித்து எழுத வேண்டும். அதில் "செல்வம் முருகேசன்" ஆகிறார். மகாராஷ்டிரத்தில் சொந்தப் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டம் போட்ட விண்ணப்பம்தான் வழக்கம். அதைக் கம்பெனி குமாஸ்தா தன் போக்கில் நிரப்பினால் "முருகேசன் செல்வம்" ஆகிவிடுகிறார். ஆள் ஒருவர்; பெயர் மூன்று!

வேலையில் இருக்கும் வரை இது உறுத்தாது. வேலையை விட்டு பி.எப். பணம் கேட்கும்போதுதான் வலிக்கும். பி.எப். கணக்கில் இருக்கும் பெயரும் ஆதாரில் இருக்கும் பெயரும் ஒத்துப்போக வேண்டும். காகிதங்களை வரிசையாகக் குறித்து வைத்தால், எது ஒத்துப்போகவில்லை என்பது இன்றைக்கே தெரிந்துவிடும். கம்பெனியில் இருக்கும்போதே திருத்திக்கொள்ளலாம்.

தொழிலாளிக்கு ஒரே பி.எப். எண் என்ற முறை 2014-ல் வந்தது. அதுதான் யு.ஏ.என். அந்த எண்ணையும், வாரிசு நியமன விவரத்தையும் தனிக் குறிப்பாக எழுதி, மனைவியிடமோ பெற்றோரிடமோ சொல்லி வையுங்கள். பி.எப். உறுப்பினர் வேலையில் இருக்கும்போது இறந்தால், அதனுடன் இணைந்த காப்பீட்டில் குடும்பத்துக்கு ரூ.7 லட்சம் வரை கிடைக்க வழி உண்டு. எண்ணே தெரியாத குடும்பம் எங்கே போய்க் கேட்கும்?

ஸ்கேன் அசல் ஆகாது

ஒன்றை மறக்கக்கூடாது. நாம் எடுத்த ஸ்கேன் வெறும் நகல்தான். அதை அசலாக ஏற்க வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது.

அதற்குத்தான் மத்திய அரசின் டிஜிலாக்கர் இருக்கிறது. 2015-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி தொடங்கப்பட்டது. ஓட்டுநர் உரிமம், பான், ஆதார், பல கல்வி வாரியங்களின் மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றை, வழங்கிய அலுவலகத்தில் இருந்தே அதில் பெறலாம். அப்படிப் பெற்றவை அசலுக்குச் சமம் என்று 2017-ல் விதி வந்தது. ஆனால் அதே டிஜிலாக்கரில் நாமாக ஏற்றி வைக்கும் ஸ்கேன்களுக்கு இந்தத் தகுதி இல்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் ஏமாந்து நிற்பவர்கள் பலர்.

ஒரே இடத்தை நம்ப வேண்டாம்

ஸ்கேன் எடுக்கப் பலர் பயன்படுத்திய கேம்ஸ்கேனர், 2020-ம் ஆண்டு ஜூன் மாதம் தடை செய்யப்பட்ட 59 சீன செயலிகளில் ஒன்று. குறிப்பு எழுதப் பெயர் பெற்ற எவர்நோட், 2023-ம் ஆண்டு இறுதியில் இலவசக் கணக்குக்கு 50 குறிப்புதான் என்று வரம்பு வைத்தது. ஆகவே, ஸ்கேன்களை பி.டி.எப். ஆகவும் சேமித்து, கூகுள் டிரைவ் போன்ற இன்னோர் இடத்தில் ஒரு பிரதி வையுங்கள்.

ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டருக்கு ஆதாரை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், வேலை முடிந்ததும் கண் எதிரிலேயே அழிக்கச் சொல்லுங்கள். கடைசி 4 எண் மட்டும் தெரியும் ஆதார் நகலையும் அரசே தருகிறது. அது போதும் என்கிற இடத்தில் அதையே கொடுங்கள். நகலின் குறுக்கே எதற்காகக் கொடுத்தது என்பதையும் தேதியையும் எழுதுங்கள்.

வெள்ளம் சொல்லிக்கொண்டு வராது

1961-ம் ஆண்டு ஜூலை 12-ந்தேதி பான்ஷேத் அணை உடைந்து புனே நகருக்குள் வெள்ளம் புகுந்தது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. சான்றிதழ்களை இழந்தவர்களுக்காகத் தமிழக அரசு தனி முகாம்களே நடத்த வேண்டி வந்தது. நகல் பெறப் போகிறவருக்குப் பதிவு எண்ணும் ஆண்டும் தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை மூன்று காகிதங்களை மட்டும் எடுங்கள்: ஆதார், பான், பி.எப். மூன்றிலும் உங்கள் பெயர் எப்படி இருக்கிறது என்று எழுத்துக்கு எழுத்து பாருங்கள். அடுத்த வாரம் இன்னும் மூன்று.

அடுத்த 11 மாதம் முடிந்து மறுபடி பெட்டி கட்டும்போது, காகிதத்தைத் தேடி அறையைக் கலைக்க வேண்டி இருக்காது.