ஆயாவின் கடிகாரத்தில் ஒரு கோடைப் பயணம்

கத்திரி பிறந்துவிட்டால் ஆற்காட்டில் காலை பத்து மணிக்கே தெரு ஓய்ந்துவிடும். பாலாற்றில் மணல்தான். கடற்காற்று இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே அபூர்வம். பகலெல்லாம் வெயிலைக் குடித்த பாறைக்குன்றுகள் ராத்திரியில் அந்தச் சூட்டைத் திருப்பிக் கொடுக்கும். பிள்ளைகளுக்குப் பள்ளி லீவு. அப்பா டேனரியிலும் அம்மா ஷூ கம்பெனியிலும் இருந்தால் ஞாயிறோடு இன்னொரு நாள் சேர்த்துக் கேட்டு வாங்க வேண்டும். ஆக, கையில் இருப்பது இரண்டு நாள். கூட வருகிறவர்கள் ஆறு வயதும் மூன்று வயதுமாக இரண்டு பேர், அறுபத்தெட்டும் எழுபத்திரண்டுமாக இரண்டு பேர். இவர்களை வைத்துக்கொண்டு ஓடியாடுகிற மாதிரி ஒரு பயணம் போக முடியுமா?

முடியும். சொல்லப்போனால், பெரியவர்களும் சிறியவர்களும் இந்த விஷயத்தில் ஒரே கட்சி. இருவரும் விடியுமுன் எழுந்துவிடுவார்கள், நேரத்துக்குச் சாப்பாடு வேண்டும், மத்தியானம் கண் சொக்கும், எட்டு மணிக்கு மேல் தாங்காது. வீட்டில் கோணல் கடிகாரம் நடுவில் இருக்கும் நமக்குத்தான்: எட்டு மணிக்கு எழுந்து, ஒன்பதரைக்குக் கிளம்பி, உச்சி வெயிலில் போய் இறங்குவோம். ஆயா என்று கூப்பிட்டாலும் நானி என்று கூப்பிட்டாலும் சரி, திட்டத்தை அவருடைய கடிகாரப்படி போடுங்கள். ஆறு முதல் பத்து வரை சுற்றல், நாலரை முதல் ஏழு வரை சுற்றல், நடுவில் சாப்பாடும் தூக்கமும்.

வெயில் இந்த இரண்டு வயதினரையும் ஒரே மாதிரி ஏமாற்றும். வயதானவர்களுக்குத் தாக உணர்வு மங்கிப்போகும். சிலர் போடும் ரத்த அழுத்த மாத்திரை சிறுநீரை அதிகம் வெளியேற்றும். போதாததற்கு, வழியில் கழிவறை இருக்குமோ இருக்காதோ என்று பயந்து வேண்டுமென்றே தண்ணீர் குடிக்காமல் வருவார்கள். குழந்தை விளையாட்டு மும்முரத்தில் கேட்கவே கேட்காது. அதனால் தாகம் எடுக்கிறதா என்று விசாரிக்காமல் அரைமணிக்கு ஒரு தரம் கையில் கொடுத்துவிடுவதுதான் வழி. தண்ணீர், நீர்மோர், நுங்கு எதுவானாலும் சரி. இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ வைத்தியம் பார்ப்பவர்களுக்கு மட்டும் எவ்வளவு குடிக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாலைந்து மணி நேரம் சிறுநீரே போகாமலிருந்தால் சுற்றலை நிறுத்திவிட்டு நிழலுக்கு வாருங்கள். பேச்சு குழறி, உடம்பு அனலாகக் கொதித்தால் மேலெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அடுத்து, கால். உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்பும் வட்டாரம் இது. ஆனால் தாத்தா கிளம்புவது தேய்ந்த ரப்பர் செருப்பில்தான். பிடிமானமுள்ள காலணியை முந்தின வாரமே வாங்கி வீட்டில் போட்டுப் பழக்குங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். மத்தியானக் கோயில் பிராகாரத்துக் கருங்கல்லில் கால் வெந்தாலும் அவர்களுக்குச் சுடுவதே தெரியாது, கொப்புளம் மறுநாள்தான் கண்ணில் படும். ஒரு ஜோடி பருத்திக் காலுறை பையில் இருக்கட்டும்.

ஒரு காலைப்பொழுதுதான் கிடைக்குமென்றால் வேலூர்க் கோட்டை. பதினாறாம் நூற்றாண்டுக் கருங்கல் மதில், சுற்றிலும் அகழி, உள்ளே சமதளம். பிள்ளைகள் மூச்சு வாங்க ஓடலாம், பெரியவர்கள் மரத்தடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்களில் பாய்கிற குதிரைகளையும் யாளிகளையும் எண்ணச் சொன்னால் அரைமணி நேரம் போவதே தெரியாது. கோயில் நெடுங்காலம் மூலவர் இல்லாமல் இருந்ததையும் 1981-ல் லிங்கம் திரும்ப வந்ததையும் தாத்தாவே சொல்வார். அந்தத் தலைமுறைக்கு அது நினைவில் இருக்கிற செய்தி.

என்னைக் கேட்டால் முதல் இடம் சோளிங்கருக்குத்தான். யோக நரசிம்மர் வீற்றிருக்கும் பெரிய மலைக்கு 1,305 படி. முன்பெல்லாம் முட்டிவலிக்காரர்கள் டோலியில் போவார்கள், அல்லது கீழேயே உட்கார்ந்து கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். 2024 மார்ச்சில் ரோப் கார் வந்தது. இப்போது ஆயாவும் மூன்று வயதுக் குட்டியும் கம்பியில் தொங்கிக்கொண்டு போக, ஆறு வயதுப் பெரியவரும் அப்பாவும் படியேற, மேலே எல்லோரும் ஒன்றாகச் சேரலாம். படியேறுகிறவர்கள் வெயிலுக்கு முன்னே கிளம்பிவிட வேண்டும். ரோப் கார் எத்தனை மணிக்கு ஓடத் தொடங்கும், பராமரிப்புக்காக நிறுத்தியிருக்கிறார்களா என்று முந்தின நாளே விசாரியுங்கள். குரங்குகள் ஏராளம். பிள்ளை கையில் பழமோ பிளாஸ்டிக் பையோ இருந்தால் அது குரங்குக்குத்தான்.

இரண்டு நாள் என்றால் ஏலகிரி. ‘ஏழைகளின் ஊட்டி’ என்பதைக் கேட்டு ஸ்வெட்டர் எடுத்து வைக்காதீர்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். ஊட்டி 2,240 மீட்டர், ஏலகிரி ஏறத்தாழ 1,000 மீட்டர், கீழே ஜோலார்பேட்டையே ஏறத்தாழ 400 மீட்டர். கணக்குப் போட்டால் அடிவாரத்தைவிட நாலு டிகிரிதான் குறைவு. ஆகவே மலைமேலும் மத்தியானம் மத்தியானம்தான். காலையும் மாலையும்தான் சுகம்.

போகும்போது ரயிலில் போவது நல்லது. காலை நீட்டலாம், எழுந்து நடக்கலாம், கழிவறை உண்டு, பாட்டியின் பயம் பாதி தீர்ந்துவிடும். வாலாஜா ரோட்டில் ஏறும்போது பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து நின்றது இந்தப் பக்கம்தான். காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி தாண்டி ஜோலார்பேட்டையில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸோ காரோ பிடிக்கலாம்.

மலைப்பாதையில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். குமட்டல் வருவது ஏனென்றால், உடம்பு திரும்புவதைக் காது உணர்கிறது, கண்ணோ செல்போனையே பார்த்துக்கொண்டு அசைவே இல்லை என்கிறது. இரண்டும் முரண்பட்டால் வயிறு கலங்கும். போனை வாங்கி வைத்துவிட்டு வெளியே பார்க்கச் சொல்லுங்கள். வளைவுகளுக்குப் புலவர்கள் பெயரும் வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். பலகையைப் படிப்பது பேரன் வேலை, முல்லைக்குத் தேர் கொடுத்த கதையையும் மயிலுக்குப் போர்வை கொடுத்த கதையையும் சொல்வது தாத்தா வேலை. கதை முடிவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். அதனால் என்ன?

மேலே புங்கனூர் ஏரியில் படகு, பக்கத்தில் இயற்கைப் பூங்கா. இரண்டும் முட்டிக்கு இதமானவை. சுவாமிமலை உச்சிக்கு நடப்பது வேறு கதை. கால் வலுவுள்ளவர்கள் விடியலில் போய்விட்டுப் பத்து மணிக்குள் இறங்கட்டும். தாத்தா வந்தே தீருவேன் என்றால் பாதிவழி வரை வரட்டும், திரும்ப யார் கூட வருவது என்பதை மட்டும் கிளம்புமுன் முடிவு செய்யுங்கள். ஜலகம்பாறை அருவியைக் காட்டி ஆசை வளர்க்க வேண்டாம். கோடைமழை பெய்யாத மே மாதத்தில் அங்கே பெரும்பாலும் பாறைதான் இருக்கும்.

எட்டு மணித் தூக்கத்தை மீறலாம் என்று நான் சொல்லும் ஒரே இடம் காவலூர். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலைக்குள் போனால் வைணு பாப்பு வானாய்வகம். 1986-ல் திறந்த 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. 1988-ல் இங்கிருந்து கண்டுபிடித்த ஒரு குறுங்கோளுக்கு ராமானுஜன் என்று பெயர். சனிக்கிழமைகளில் பார்வையாளர்களை விடுவது வழக்கம், மேகம் இல்லையென்றால் சிறிய தொலைநோக்கியில் வானமும் காட்டுவார்கள். கேட்டு உறுதி செய்துகொண்டு போங்கள். அன்று மத்தியானம் இரண்டு மணி நேரம் எல்லோரும் கட்டாயம் தூங்கியிருக்க வேண்டும், அப்பாவும் சேர்த்து.

ஆம்பூர் பிரியாணி எப்போது? மலையிலிருந்து இறங்கிய பிறகு. சீரகச் சம்பா, மிளகாய் விழுது, கறி, கூடவே கத்திரிக்காய் தொக்கு என்று சாப்பிட்டுவிட்டுப் பதினான்கு வளைவு ஏறுவது வேண்டாத வீம்பு. ஏறும் நாளில் இட்லியோ கேழ்வரகுக் கூழோ போதும். ஆற்காடு திரும்பியதும் மக்கன் பேடா. தாத்தாவுக்குச் சர்க்கரை இருந்தால் பாதி. மீதிப் பாதிக்கு எப்படியும் ஒரு பேரன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பான்.